பாஸ் அன்டெட்டுக்கு டர்ன் இம்யூனிட்டி கொடுக்கலாமா, கூடாதா?

கோட்டைவாசல்:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் மேஜை விளையாட்டு) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். பார்ட்டியில் (ஆட்டக்காரர் குழுவில்) 4 பேர், எல்லோரும் 6ஆம் லெவல். அடுத்த அமர்வில் வரும் பாஸுக்காக (பெரிய எதிரிக்காக) ஒரு வைட்டை, அதாவது செத்தும் நடமாடும் அன்டெட் வகைப் போர்வீரனை, எடுத்து வளர்த்துக்கொண்டிருக்கிறேன். கதை இதுதான்: "நான் திரும்பி வரும்வரை கதவைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டு அரசன் போருக்குப் போனான், வரவே இல்லை. வாசல் காவலன் பட்டினியில் செத்த பிறகும் கதவை விட்டு நகரவில்லை, 200 வருடமாக அங்கேயே நிற்கிறான். புத்தகத்தில் வைட்டுக்கு 45 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), நான் 120 ஆக்கிவிட்டேன், ஒரு ரவுண்டுக்கு இரண்டு அடியை மூன்றாக்கினேன். இப்போது பயம் எங்கள் கிளெரிக்கிடம்தான் (கடவுள் சக்தியால் மந்திரம் போடும் பூசாரிப் பாத்திரம்). டர்ன் அன்டெட் (அன்டெட்டை விரட்டும் சக்தி) போட்டு என் காவலன் ஒரு சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) தவறினால் முதுகைக் காட்டி ஓடவேண்டும். 200 வருடம் நகராதவன் ஓடுவதா? இம்யூனிட்டி (டர்ன் அவனைத் தொடவே முடியாத விலக்கு) கொடுத்துவிடலாமா?

பகடைராசன்:
தயங்காமல் கொடுங்கள். இது நாம் கண்டுபிடித்த ஏமாற்று இல்லை, அதே புத்தகத்தில் ரெவனன்ட் என்ற அன்டெட்டுக்கு டர்ன் இம்யூனிட்டி இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். உங்கள் கிளெரிக்குக்கு விஸ்டம் (ஞானம்) 18 என்று வைத்தால் சேவ் டிசி (எட்டவேண்டிய எண்) 15. வைட்டுக்கு விஸ்டம் சேவ் +1, அதாவது இருபது பக்கப் பகடையில் 14 அல்லது மேலே விழவேண்டும். 65 சதவீதம் தோற்கும். மூன்று மாதம் கட்டிய கதை ஒரு உருட்டலில் போய்விடும். எனக்கு நடந்தது. பாஸ் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றது, பார்ட்டி நிதானமாக மருந்து குடித்து, ஆளுக்கொரு இடம் பிடித்து, பிளெஸ் மந்திரம் போட்டுக்கொண்டு, பிறகுதான் ஒன்றாகப் பாய்ந்தது. இரண்டு ரவுண்டில் முடிந்தது. மேஜையில் யாருமே கைதட்டவில்லை.

வெண்கலமணி:
நான் கிளெரிக் ஆடுகிறவள், அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். இம்யூனிட்டி கொடுக்காதீர்கள். ஒரு முழு கேம்பெயினில் (பல அமர்வு நீளும் கதையில்) அன்டெட் வந்தது நான்கு தடவை. மூன்று தடவை சின்னக் கூட்டம். நான்காவதுதான் பெரியது, அதற்காகவே சேனல் டிவினிட்டியை (டர்ன் போடச் செலவாகும் சக்தியை) செலவழிக்காமல் பொத்திவைத்திருந்தேன். சின்னத்தை உயர்த்தினேன், வேண்டுதலைக்கூட வாய்விட்டுச் சொன்னேன். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) "அதற்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார், பகடையே உருட்டவில்லை. அன்று மீதி நேரம் நான் மருத்துவச்சியாக மட்டும் இருந்தேன். இதைச் செய்யாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, பகடைராசன், டர்ன் ஆன உயிர் ஒரு அடி வாங்கினாலே விடுபட்டுவிடும். உங்கள் பார்ட்டி அந்த ஒரு நிமிடத்தை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறது, அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

பகடைராசன்:
உங்கள் வருத்தம் புரிகிறது, டிஎம் முன்கூட்டியே ஒரு சைகையாவது காட்டியிருக்கவேண்டும். ஆனால் ஒருத்தருடைய சந்தோஷத்துக்காக மற்ற மூன்று பேரின் சண்டையைப் பலி கொடுக்கலாமா? என் மேஜையில் அன்று ஃபைட்டருக்கும் (போர்வீரன்) ரோக்குக்கும் (திருடன்) சரியான சண்டையே கிடைக்கவில்லை. அப்புறம், "ஓர் அடியில் விடுபடும்" என்பது 2024 விதிகளிலும் இருக்கிறது. ஆனால் அங்கே டர்ன் பட்டால் பயம் மட்டும் இல்லை, இன்கபாசிடேட்டட் (செயலிழந்த நிலை) கூட. அதோடு 5ஆம் லெவலிலிருந்து கிளெரிக் விஸ்டம் மாடிஃபையர் எத்தனையோ அத்தனை டி8 (எட்டுப் பக்கப் பகடை) ரேடியன்ட் (ஒளி) சேதமும் தரலாம், அந்தச் சேதம் டர்னைக் கலைக்காது. அந்த மேஜையில் உங்கள் பேச்சு பாதிதான் நிற்கும்.

நிலவறை:
இருவரும் இம்யூனிட்டி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று பேசுகிறீர்கள். புத்தகமே நடுவழி வைத்திருக்கிறது. லிச்சுக்கு (அன்டெட் மந்திரவாதி) டர்னுக்கு எதிராக அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது) மட்டும்தான், 21 சேலஞ்ச் ரேட்டிங் (ஆபத்தின் அளவு) கொண்டதற்கே அவ்வளவுதான் என்றால் உங்கள் காவலனுக்கு ஏன் அதற்கு மேல்? டெத் நைட் என்ற அன்டெட் வீரன் தன்னைச் சுற்றி 60 அடிக்குள் தான் விரும்பும் அன்டெட்டுக்கெல்லாம் அட்வான்டேஜ் தரும். காஸ்ட் என்ற பிணந்தின்னி கூட தனக்கும் 30 அடிக்குள் இருக்கும் கூல் என்ற சின்னப் பிணந்தின்னிகளுக்கும் தரும். பகடைராசனின் அதே கணக்கில் அட்வான்டேஜ் போட்டால் தப்பிக்கும் வாய்ப்பு 35லிருந்து ஏறத்தாழ 58 சதவீதமாகிறது. பகடை உருளுகிறது, கிளெரிக்கின் கை வெறுமையாகவில்லை.

ஆனால் அதைவிட முக்கியமானது, விதியை முழுசாகப் படியுங்கள். டர்ன் அன்டெட் 30 அடிக்குள், கிளெரிக்கைப் பார்க்கவோ கேட்கவோ முடிகிற அன்டெட்டை மட்டும்தான் தொடும். வைட்டிடம் லாங்போ (நீள வில்) இருக்கிறது, 150 அடி வரை தடையில்லாமல் எய்யும். காவலனை வாசல் மேல்மாடத்தில் நிறுத்துங்கள். கிளெரிக் அந்த 30 அடிக்குள் போய்ச் சேருவதே ஒரு சண்டையாகிவிடும். படிக்கட்டில் ரோக் வழி திறக்க, ஃபைட்டர் கேடயம் பிடிக்க, கிளெரிக் ஏற. நாலு பேருக்கும் வேலை.

வெண்கலமணி:
நிலவறை சொன்னதோடு இதையும் சேருங்கள். வைட் தன் லைஃப் டிரெயினால் (உயிர் உறிஞ்சும் அடியால்) கொன்ற மனிதர்கள் 24 மணி நேரம் கழித்து ஜோம்பியாக எழுவார்கள், ஒரே சமயத்தில் 12 வரை அதன் கட்டளையில் இருக்கலாம். அந்த 12 பேரும் காவலனின் பழைய தோழர்கள் மாதிரி முற்றத்தில் நிற்கட்டும். 6ஆம் லெவல் கிளெரிக் டர்ன் போட்டால் கூடவே வேலை செய்யும் டிஸ்ட்ராய் அன்டெட் அரை சேலஞ்ச் ரேட்டிங் வரை அடித்துவிடும், ஜோம்பி கால்தான், சேவ் தவறினால் அங்கேயே பொடி. 12ம் 30 அடிக்குள் வந்தால் சராசரியாக எட்டு போகும். சேனல் டிவினிட்டி ஓர் ஓய்வுக்கு இரண்டு தடவைதான். முற்றத்தில் ஒன்றைச் செலவழித்தால் மாடத்துக்கு ஒன்றே மிச்சம். அந்த முடிவை எடுக்கும்போது என் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அதுதான் எனக்கு வேண்டும்.

டர்ன் போடாமல் கத்தியால் தீர்க்கப் பார்த்தாலும் சும்மா இருக்காது. 6 புள்ளி சேதத்தில் விழும் ஜோம்பி டிசி 11 கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) சேவ் போடும், +3 இருப்பதால் 65 சதவீதம் ஒரு ஹிட் பாயின்ட்டோடு எழுந்து நிற்கும். ரேடியன்ட் சேதமோ கிரிட்டிகல் அடியோ என்றால்தான் அந்தப் பேச்சே இல்லை.

பகடைராசன்:
மேல்மாடம் நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளெரிக் ஏறிய பிறகு என்ன? கடைசி மேடையில் அவன் ஓடினால் கோட்டைவாசல் எழுதிய கதைக்கே அது முரண். என் எதிர்ப்பு கணக்குக்காக மட்டும் இல்லை. இவன் விசுவாசத்தால் நிற்கிறவன், கடவுள் பயம் அதைவிடப் பெரியதா என்று முடிவு செய்யாமல் பகடையிடம் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெண்கலமணி:
அது பகடையிடம் விடவேண்டிய கேள்விதான் என்கிறேன். ஓடினால் அவன் 200 வருடத்தில் முதல் தடவையாகக் கதவை விட்டு நகர்கிறான். அந்த ஒரு கணத்தை நான் வாழ்நாள் முழுக்க நினைவு வைத்திருப்பேன்.

கோட்டைவாசல்:
இந்தக் கடைசிப் பதிவைப் படித்துவிட்டு என் குறிப்பேட்டைத் திருத்தினேன். இம்யூனிட்டி இல்லை. கதவின் சாவிக்கொத்து அவன் இடுப்பில் இருக்கும்வரை டர்னுக்கு எதிராக அட்வான்டேஜ், ரோக் அதை உருவிவிட்டால் சாதாரண சேவ். சாவி ஒவ்வொரு அசைவிலும் கிலுங்கும் என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடுவேன், அவன் கை அதை விட்டு விலகவே மாட்டேன் என்கிறது என்றும். மாடம், முற்றத்தில் 12 பேர், இரண்டும் உண்டு. டர்ன் ஆகி ஓடினால் கதவு திறந்துகொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று இனிமேல்தான் எழுதவேண்டும்.

பகடைராசன்:
சாவிக்கொத்து நன்றாக இருக்கிறது. 120 ஹிட் பாயின்ட்டை மட்டும் குறைக்காதீர்கள், அதற்குக் கீழே போனால் நாலு பேர் அடியை மூன்று ரவுண்டு தாங்கமாட்டான். இம்யூனிட்டி விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை, ஆடி முடித்ததும் என்ன நடந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.