மறு: லாரி வீல் மெருகு – அராவுமெருகு, துலக்குமெருகு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மங்கிப்போன அமெரிக்க லாரி வீல்களை மீட்டெடுக்கும் வேலைக்கான தமிழ்ச் சொற்பட்டியலில், துணிச் சக்கரத்தால் மெருகேற்றும் இரண்டு கட்டங்களான ‘கட் பஃபிங்’, ‘கலர் பஃபிங்’ ஆகியவற்றுக்கான சொற்கள் இன்னும் முடிவாகாமல் நிற்கின்றன. நம் குழுவின் உரையாடல் இழையில் இதுவரை வந்த ‘வெட்டு மெருகு – வண்ண மெருகு’, ‘முதல்நிலை மெருகு – இறுதிநிலை மெருகு’ ஆகிய இரண்டு இணைகளையும் ஏற்க எனக்கு மனமில்லை. வேலை நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்.

அங்குள்ள நெடுந்தூர லாரிகளில் பரவலாக இருப்பது 22.5 அங்குல விட்டமும் 8.25 அங்குல அகலமும் கொண்ட அலுமினிய வீல். உருக்கி வார்த்ததல்ல, அலுமினியக் கலவைக் கட்டியைப் பேரழுத்தத்தில் அடித்து உருவாக்கியது. அல்கோவா நிறுவனம் 1948-இல் இதைக் கொண்டுவந்தது. வீலில் எடை குறைந்தால் அந்த அளவுக்குச் சரக்கைக் கூட்டி ஏற்றலாம் என்பது முதலாளியின் கணக்கு. வண்டியைத் தன் விருப்பப்படி அலங்கரிக்கும் ஓட்டுநருக்கோ அது கௌரவம். அயோவா மாநிலத்து வால்காட்டில் ஆண்டுதோறும் ஜூலையில் கூடும் லாரிக்காரர் விழாவில் அலங்கார லாரிகளுக்குப் போட்டியே நடக்கிறது. வீலில் முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்துக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பளபளப்பைக் கெடுப்பது மழையும் வெயிலும் மட்டுமல்ல. காற்றுப் பட்டவுடன் அலுமினியம் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அதுவே அதற்குக் காப்பு. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்கத் தெளிக்கும் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கரைசல்கள் அந்தக் காப்பைத் துளைத்துவிடுகின்றன. முதலில் வெளுத்துப் பொடிப்பொடியாகத் தெரியும். பிறகு குழி விழும். மேலே தெளிபூச்சு (நிறமில்லாத காப்புப் பூச்சு) அடித்த வீலானால் ஈரம் பூச்சுக்கு அடியில் புகுந்து, புழு ஊர்ந்த தடம்போல அரித்துக்கொண்டே போகும்.

இப்படி வெளுப்பதற்குப் பெயராக ‘வெண்துரு’ வேண்டாம். துத்தநாகம் பூசிய தகட்டில் வருவதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே பொருந்தி நிற்கிறது. ‘வெண்பூப்பு’ என்று ஒரு நண்பர் தந்தது அழகுதான். ஆனால் ‘பூப்பு’ என்றதும் பெண் வயதுக்கு வருவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். சுவரில் உப்புப் பூத்தது, அலுமினியம் பூத்துப்போனது என்று ஜனங்கள் சொல்வதால் ‘பூத்தல்’ போதும். குழி விழுவதற்குக் ‘குழியரிப்பு’, அதில் கருத்து வேறுபாடு எழவில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்வது அவசியம். பூத்ததை மெருகுப் பசையே எடுத்துவிடும். குழியரிப்பை எந்தப் பசையும் எடுக்காது. குழியின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்த்து இறக்கினால்தான் அது மறையும்.

அந்த இறக்கும் வேலைக்குத்தான் உப்புத்தாள். (இதற்கு ‘மணல்தாள்’ என்று புதிதாக ஒன்றை ஆக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். உப்புத்தாள் நம் தச்சரும் பெயின்டரும் தினமும் சொல்லும் சொல்.) தெளிபூச்சு இருந்தால் முதலில் அதைக் கரைத்து எடுக்க வேண்டும். ஆழக் குழியென்றால் 220-ஆம் எண் தாள், இல்லாவிட்டால் 320. பிறகு 400, 600, 800. எண் ஏற ஏறத் தாள் நயமாகும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுவார்கள். முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட மிஞ்சாமல் போனதா என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இங்கே அவசரப்பட்டவரை மெருகு காட்டிக்கொடுத்துவிடும்: கண்ணாடிபோல் ஆன பரப்பில் பழைய 320 கீறல் தனியாக எழுந்து நிற்கும், திரும்ப உப்புத்தாளுக்கே போக வேண்டியதுதான்.

இதற்கப்புறம் பஃப். மடிப்பு மடிப்பாகச் சேர்த்த பருத்தித் துணிச் சக்கரத்தைக் கைப்பொறியில் மாட்டி, மெருகுக்கட்டியை அதில் தொட்டுக்கொண்டு வீலின்மேல் ஓட்டுவது. நமது கேள்விக்கான இரண்டு கட்டங்களும் இங்கேதான் வருகின்றன.

முதல் கட்டத்தில் பழுப்பு நிற ட்ரிப்போலிக் கட்டி. அது சிலிக்கா கலந்த ஒரு கல்லின் பொடி. துணிச் சக்கரம் சுழலும் திசைக்கு எதிராகப் பொறியை நகர்த்தி, நன்றாக அழுத்திப் பிடிப்பார்கள். 800 தாள் விட்ட கீறல் இதில் போகும். உலோகமும் கொஞ்சம் போகும். ஓரம் கறுத்து மை படியும். இரண்டாம் கட்டத்தில் துணிச் சக்கரத்தையே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழைய கட்டியின் துகள் புதிதாகக் கீறும். குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சைக் கட்டி, சக்கரம் சுழலும் திசையோடு, கை எடை மட்டும் படும்படி. இப்போது உலோகம் ஏறக்குறைய குறைவதில்லை. மங்கல் விலகி ஒளி எழும்புகிறது. மிஞ்சிய கருமையை மாவு தூவி மென்துணியால் துடைத்து எடுப்பார்கள்.

இனி சொல்லுக்கு வருகிறேன். இழையில் ஒரு கேள்வி:

> ‘கலர்’ என்பதற்கு ‘வண்ணம்’தானே நேர்ச்சொல்? ஏன் தயங்க வேண்டும்?

ஐயா, இந்தக் கட்டத்தில் எந்த நிறமும் ஏறுவதில்லை. ‘வண்ண மெருகு’ என்று எழுதினால் படிப்பவர் பெயின்ட் அடிப்பதாகவே எடுத்துக்கொள்வார். ‘வெட்டு’ என்பதும் அப்படித்தான். வீலில் வெட்டு விழுந்தால் அது பழுது. ‘முதல்நிலை, இறுதிநிலை’ வரிசையைச் சொல்கின்றனவே தவிரச் செயலைச் சொல்லவில்லை. பூத்தது மட்டுமே உள்ள வீலுக்கு இரண்டாம் கட்டம் ஒன்றே போதும். அப்போது இறுதிநிலையே முதல்நிலை ஆகிவிடும்.

நான் முன்வைப்பவை அராவுமெருகு, துலக்குமெருகு.

அராவுதல் பழைய சொல், இன்றும் பட்டறையில் ‘ராவுறது’ என்று உயிரோடு இருக்கிறது. அரத்தால் தேய்த்து உலோகத்தைக் குறைப்பது என்ற பொருள் முதல் கட்டத்துக்கு அப்படியே பொருந்துகிறது. துலங்குதல் ஒளிர்வது, துலக்குதல் ஒளிரச் செய்வது. ‘துலக்குவது பாத்திரம் தேய்ப்பதல்லவா?’ என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், அங்கும் பாத்திரம் தேய்வதற்காக யாரும் துலக்குவதில்லை, பளிச்சென்று ஆவதற்காகவே துலக்குகிறோம். இரண்டும் ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஒற்று மிகாது. வினையாக எழுதவும் இடறாது: ‘அராவி மெருகிடுக’, ‘துலக்கி மெருகிடுக’.

இந்தப் பிரிவு பாதுகாப்புக்கும் உதவும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். தொழிற்சாலையிலேயே மேற்பரப்புக் காப்பு ஏற்றிய ட்யூரா-பிரைட் போன்ற வீல்களுக்கு இரண்டுமே கூடாது. சோப்புத் தண்ணீர் மட்டும். வீல் ஹப்போடு (அச்சு முனையில் வீலைத் தாங்கும் பாகம்) உட்காரும் தட்டைப் பரப்பையும் போல்ட் துளை ஓரத்தையும் அராவவே கூடாது. மட்டம் கெட்டால் போல்ட்டின் பிடி தளரும். துளையோரம் விரிசல் தெரிந்தால் அந்த வீலை ஒதுக்கிவிட வேண்டும், பற்றவைத்து மீட்கக் கூடாது. ‘இங்கே அராவாதீர்’ என்று ஒரே சொல்லில் எச்சரிக்கை எழுத முடிகிறது பாருங்கள். ‘முதல்நிலை மெருகிடாதீர்’ என்றால் இரண்டாம் நிலை இடலாமா என்ற கேள்வி மிஞ்சும்.

‘பஃப்’ என்ற துணிச் சக்கரத்தின் பெயரை அப்படியே விடலாம் என்பது என் கருத்து. எவர்சில்வர்ப் பட்டறைகளில் அது வேரூன்றிவிட்டது. கட்டிக்கு ‘மெருகுக்கட்டி’. எஞ்சியிருப்பது ஒன்று: துணிச் சக்கரத்தில் இறுகிப்போன பழைய கட்டியைச் சுரண்டி எடுக்கும் பல் வைத்த கருவி. ‘பஃப் வாரி’ சரிவருமா? பட்டறை அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்