ஆயாவின் கெம்புத் தோடு: ஆல்கஹால் மார்க்கரில் கல் வரைந்தவர்கள் சொல்லுங்கள்

கடலோரக் கோடு, ராயபுரம்
ஆயாவின் ஏழுகல் தோடு ரெண்டு வருஷமாக அடகில் இருக்கிறது. சரி, வரைந்தாவது கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். மூன்று சிவப்பு மார்க்கர், மையைக் கரைக்கிற நிறமில்லாத மார்க்கர் (கலர்லெஸ் பிளெண்டர்) ஒன்று, வெள்ளை ஜெல் பேனா. பட்டை தீட்டிய கல் மாதிரி பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் வெள்ளைப் புள்ளி வைத்தேன். ஆயா தாளை ஜன்னல் பக்கம் திருப்பிக் கட்டை விரலால் தடவியது. "என் கல்லுக்குள்ள விளக்கு எரியும்மா. இதுல எரியலயே" என்றது. அப்புறம் காதைத் தொட்டுக்கொண்டது, அந்த வெறும் ஓட்டையை. எங்கே தப்பு செய்தேன்?

நீலமை, வண்ணாரப்பேட்டை
அக்கா, தப்பு வெள்ளைப் பேனாவில். நானும் நீலக்கல் வரைந்து பட்டிருக்கிறேன். சாதா நோட்டில் வரைந்ததால் மை ஊறி, அடியிலிருந்த தங்கச்சியின் ரெக்கார்ட் நோட்டு வரை போய்விட்டது. ஆண்டர்சன் தெருவில் மார்க்கர் தாள் கேட்டுப் பாருங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிவிடும். ஒரு பட்டைக்குள் மட்டும், ஈரம் காயுமுன் ஒரு நிறத்தை இன்னொன்றோடு கலந்து இழையுங்கள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே வெட்டினாற்போல் இருக்கட்டும். வைரத்துக்குப் போடுகிற பிரில்லியன்ட் கட் என்றால் 58 பட்டை, அத்தனையும் வரையக் கூடாது. வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வந்தால், கல்லுக்குள் அந்தப் பக்கம்தான் இருட்டு. எதிர்ப்பக்கக் கீழ் ஓரம் ஒளிரும். பந்து வரைவதற்கு நேர் தலைகீழ். மினுக்கத்துக்குத் தாளின் வெள்ளையையே விடுங்கள், ஒரே ஒரு இடத்தில்.

தகடு, கொருக்குப்பேட்டை
தம்பி சொல்வது பட்டை போட்ட மாணிக்கத்துக்குச் சரி. பழைய கெம்புத் தோட்டுக்குப் பொருந்தாது. என் அப்பா கல் கட்டும் வேலை செய்தவர். பழைய கெம்பு பெரும்பாலும் வழவழவென்று இழைத்த கல். அடியில் தகடு வைத்து, சுற்றிலும் தங்கத்தால் மூடிக் கட்டுவார்கள். உள்ளே போன வெளிச்சம் தகட்டில் பட்டுத் திரும்பி வரும். சின்ன வயதில் அப்பா ஒரு பதக்கத்தைப் பிரித்ததைப் பார்த்தேன். தகடு கழன்றதும், அதுவரை ஜொலித்த கல் அவர் உள்ளங்கையில் உறைந்த ரத்தம் மாதிரி மங்கிப்போனது. எனக்குத் தொண்டை அடைத்தது. ஆயா சொன்ன விளக்கு அந்தத் தகடுதான். ஓரத்தில் அடர் சிவப்பு வையுங்கள். நடுவில் பிளெண்டரால் மையைக் கரைத்து வெளியே தள்ளுங்கள். பட்டை இருந்ததா என்று முதலில் ஆயாவிடம் கேளுங்கள்.

கடலோரக் கோடு, ராயபுரம்
கேட்டேன். "பட்டையா? புளியங்கொட்டை மாதிரி வழவழன்னு இருக்கும்" என்றது. கல்யாண போட்டோவில் கல் கடுகளவுதான் தெரிந்தது, அதனால் நெட்டில் இருந்த மாணிக்க வீடியோவைப் பார்த்து வரைந்துவிட்டேன். நேற்று ராத்திரி ஒரு கல் மட்டும் மறுபடி போட்டேன். பிளெண்டர் வைத்ததும் நடுவில் சிவப்பு விலகி, உள்ளேயிருந்து ரோஸ் எழும்பியது. ஆயா தூங்கிவிட்டிருந்தது. தாளைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்னும் ஆறு கல் இருக்கிறது.