குவாரி மேட்டுச் சரிவு: நார் வலைக்கு அடியிலேயே மண் அறுக்குது, என்ன செய்யலாம்?

காட்பாடி:
கல் குவாரிக் கழிவு மேடு. உயரம் 9 மீட்டர், சரிவு 45 டிகிரி. மேலே கிராவல், உள்ளே கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கிறப்ப வர்ற தூள்). தென்னை நார் வலை விரிச்சு கொழுக்கட்டைப் புல் விதை தூவியாச்சு. ஆடி மழை ரெண்டு அடிச்சதும் வலை தொங்குது, அடியில முழங்கால் ஆழத்துக்கு ஓடை. இதைவிடக் கனமான வலை போட்டா நிக்குமா?

வாலாஜா:
நிக்காது சார். கொட்டின கழிவு தானா நிக்கிறது 35 டிகிரி பக்கம்தான். 45ல ஈரம் ஏறினா சரியும். ஒன்றரைக்கு ஒண்ணா, அதாவது 1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர் கிடையா வர்ற மாதிரி வெட்டணும், அதுக்கு அடியில இன்னும் 4.5 மீட்டர் இடம் வேணும்.

அடுத்தது தண்ணி. மேட்டுத் தலையை உள்பக்கம் சாய்ச்சு, விளிம்புக்கு 2 மீட்டர் பின்னால வாய்க்கால் எடுங்க. 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் போதும். களிமண்ணோ கான்கிரீட்டோ பூசாம விட்டா ஊறி விளிம்பே உட்காரும். வாய்க்கால் தண்ணியை மேட்டு ஓரத்துல கல் பதிச்ச வழியில கீழே இறக்குங்க.

காட்பாடி:
கீழே இடம் இல்லையே, பக்கத்துப் பட்டா.

வாலாஜா:
அப்போ தலையைப் பின்னால வெட்டுங்க. மீட்டர் நீளத்துக்குச் சுமார் 20 கன மீட்டர் மண் வரும், குவாரிக் குழியிலேயே தள்ளலாம். வாய்க்கால் அதுக்கப்புறம். ஓடைகளை 15 செ.மீ. அடுக்கடுக்கா மண் போட்டு, கெட்டிச்சு நிரப்புங்க.

வலையோட மேல்முனையை 30 செ.மீ. பள்ளத்துல புதைச்சு, மேலிருந்து கீழா விரிங்க. இழுத்துக் கட்டவே கூடாது, மண்ணோட படியணும். ஒரு வலை மேல அடுத்த வலை 15 செ.மீ. ஏறி இருக்கணும். 8 மி.மீ. கம்பியை 'ப' மாதிரி வளைச்சு அடிங்க. டஸ்ட்ல கம்பியோட கால் 45 செ.மீ. நீளம் வேணும். வலைக்கடியில விரல் நுழையிற இடமெல்லாம் இன்னொண்ணு.

பேரணாம்பட்டு:
வெறும் டஸ்ட்ல விதை பிடிக்காது. காய்ஞ்சா ஓடு கட்டும், சத்தும் கிடையாது. வலைக்கு முன்னாடி தொழு உரம் கலந்த செம்மண் 15 செ.மீ. பரப்புங்க.

முதுகெலும்பு வெட்டிவேர்தான். 1 மீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசை, நாத்துக்கு நாத்து 15 செ.மீ. டியூப் மட்டம் (தண்ணி நிரப்பின குழாய்) பிடிச்சு, ஒரே மட்டத்துல நடுங்க. கோடு சாய்ஞ்சா தாழ்ந்த முனையில தண்ணி சேர்ந்து புது ஓடை விழும். ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி வேர் பிடிக்கணும்னா ஆவணிக்குள்ள நட்டுடணும். இடையில கொளுஞ்சி, ஆவாரை, விராலி. ஆவாரை விதைத்தோல் கெட்டி, சுடுதண்ணியில ராத்திரி ஊறப்போடுங்க.

சரிவுல பெரிய மரம் வேண்டாம், நிழல்ல வெட்டிவேர் நலிஞ்சுடும். வேம்பு, புங்கம் அடிவாரத்துல மட்டும். இளங்குருத்தை ஆடு விடாது, சுத்தி வேலியா கிளுவைப் போத்து (கிளைத்துண்டு) ஊனிடுங்க.