புதுப்பிப்பு: பாமினி மாற்றியை எங்கே வைத்தேன்

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை இன்றைய பொது முறையான யூனிகோடாக்கும் என் சின்ன நிரலை, நிரல்களை இணையத்தில் வைத்துப் பகிரும் தளங்களான கிட்ஹப்பில் வைப்பதா, கோட்பெர்க்கிலா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். கோட்பெர்க்கை பெர்லினில் உள்ள ஒரு லாபநோக்கற்ற சங்கம் நடத்துவதால் அதன் மேல்தான் எனக்கு ஆசை. ஆனாலும் கிட்ஹப்பில் போட்டேன். வெள்ளவத்தையில் கூடும் எங்கள் பெடியள் எல்லாருக்கும் அங்கேதான் கணக்கு. மூன்றாம் நாளே ஒருவர் 'ஸ்ரீ' உடைவதைத் திருத்தி அனுப்பிவிட்டார்!

ஒரு கோப்பு 100 எம்பியைத் தாண்டினால் கிட்ஹப் ஏற்காது. பெரிய ஸ்கேன் படங்களை அங்கே ஏற்றப் பார்த்தது என் மடத்தனம்.

அப்புறம், இதேபோன்ற தளமான கூகுள் கோட் 2016இல் மூடியது நினைவிருக்கிறதா? கிட்ஹப்புக்கும் அப்படி நடந்தால் என்று யோசித்தேன். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்துவதால் நிரலின் முழு வரலாறும் என் மடிக்கணினியிலும் இருக்கிறது. ஆனால் வழுக்கள் (நிரலின் பிழைகள்) பற்றித் தளத்தில் கதைத்தவை அதில் வராது. அவற்றை மட்டும் கிழமைக்கு ஒருதரம் தனியாக இறக்கி வைக்கிறேன்.