புதுப்பிப்பு: பாதத்து ஊசி வெளியே வந்துவிட்டது

தையல் ஊசி பாதத்தில் ஏறி முறிந்ததையும், முதலில் நான் போன மருத்துவமனையில் முக்கால் மணி நேரம் கீறித் தேடியும் அகப்படாததையும் போன வாரம் புலம்பியிருந்தேன். நேற்று எடுத்துவிட்டார்கள்.

மரத்துப்போக மருந்து போட்டு, உடனுக்குடன் படம் காட்டும் ‘சி-ஆர்ம்’ எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே இரண்டு சிரிஞ்ச் ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினார் மருத்துவர். இரண்டு கோணங்களிலும் அவற்றின் முனைகள் துண்டைத் தொடுவது தெரிந்த பிறகே கத்தியை எடுத்தார். அரை சென்டிமீட்டர் கீறல், மெல்லிய இடுக்கி, ஒரு சிறு இழுப்பு. கறுத்த இரண்டு சென்டிமீட்டர் துண்டு, கூர்முனையோடு!

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்ன நண்பருக்கு: எஃகுத் துண்டை அந்தக் கருவியின் காந்தம் நகர்த்திவிடலாம், அதனால் கூடாதாம்.

இதற்கு ஒரே தையல். பழைய கீறலின் ஏழு தையல்கள்தான் இன்னும் வலிக்கின்றன.