நல்ல சோயா சாஸைக் கண்டறிவது எப்படி? உதவி தேவை

கேள்வி (குன்னூர்):
அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் சிறிய உணவுக்கடை நடத்துகிறேன். வழக்கமான சோயா சாஸ் கிடைக்காததால் விலை குறைந்த வேறொன்றை வாங்கினேன். அதை ஊற்றியதும் ஃப்ரைடு ரைஸ் கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. நாக்கில் உப்பும், அதைத் தொடர்ந்து ஒரு கசப்பும் தங்குகின்றன. அளவைக் குறைத்தால் மணமே இல்லை. பாட்டிலைத் திறக்காமல் தரத்தை அறிய வழி உண்டா? குலுக்கினால் நுரை நிற்க வேண்டும் என்கிறார்களே, அதை நம்பலாமா?

பதில் (உதகை):
வணக்கம் ஐயா. நுரையை மட்டும் நம்ப வேண்டாம். பாட்டிலின் பின்புறத்தைப் படியுங்கள். முறையாக நொதிக்கவைத்த சாஸில் சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் ஆகிய நான்கே அடிப்படை. வேகவைத்த சோயாவிலும் வறுத்த கோதுமையிலும் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சணத்தை வளர்த்து, உப்பு நீரில் பல மாதங்கள் ஊறவிடுவதால்தான் அந்த மணமும் சுவையும் உண்டாகின்றன. மாறாக, சோயாப் புரதத்தை அமிலத்தில் கொதிக்கவைத்துச் சில நாட்களில் முடித்துவிடும் முறையும் உண்டு. பட்டியலில் ‘ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்’ என்றிருந்தால் அது இவ்வகை. அமில முறையைக் கவனமாகக் கையாளாவிட்டால் 3-எம்சிபிடி என்ற வேண்டாத பொருள் உருவாகும் என்பதால், அத்தகைய சாஸ்களுக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

திறந்த பாட்டில் கையில் இருப்பதால், வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பாருங்கள். நொதித்த சாஸ் செம்பழுப்பாக, ஒளி ஊடுருவும்படி மெல்லப் படர்ந்து ஓடும். நிறமியால் கறுத்தது ஓரத்திலும் கருமையாகவே நிற்கும்.

பதில் (கோத்தகிரி):
மேலே சொன்னதில் ஒன்றைத் திருத்த விரும்புகிறேன். கேரமல் நிறமி (150டி) இருப்பதாலேயே சாஸ் மட்டமானது என்று தள்ளிவிடக் கூடாது; டார்க் (கருமையான, கெட்டியான) சோயா சாஸில் நிறத்துக்காக அதைச் சேர்ப்பது வழக்கம். உங்கள் கடைக்கு லைட் (நீர்த்த, நிறம் குறைந்த) சோயா சாஸ்தான் பொருந்தும். டார்க்கை நிறத்துக்கு அரைக் கரண்டி போதும். சீனத் தயாரிப்புகளில் அமினோ அமில நைட்ரஜன் (புரதம் சிதைந்து சுவையானதைக் காட்டும் எண்) அளவையும் பாருங்கள்: 100 மில்லிக்கு 0.8 கிராமுக்குக் குறையாவிட்டால் சிறப்புத் தரம், 0.4 என்றால் கடைசித் தரம். ஆனால் 621 என்ற சுவையூட்டி (எம்எஸ்ஜி) சேர்த்தால் அந்த எண்ணும் ஏறும் என்பதால், நைட்ரஜன் அளவையும் பொருள் பட்டியலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வியாளர்:
மிக்க நன்றி. என் பாட்டிலில் தண்ணீர், உப்பு, கேரமல், அந்தப் புரதம் ஆகியவையே முதலில் உள்ளன. சோயா என்ற சொல் முகப்பில் மட்டும்தான். இன்னொன்று: அடுப்பருகே வைத்திருந்த பழைய கேனில், மேற்பரப்பில் வெள்ளை ஆடை படிந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

பதில் (கொடைக்கானல்):
அது பெரும்பாலும் உப்பைத் தாங்கும் ஈஸ்ட். மணமும் சுவையும் போயிருக்கும். கடையில் பரிமாறுவதற்கு வேண்டாம், கொட்டிவிடுங்கள். மலையில் குளிர்தானே என்று வெளியே வைப்பவர்கள் பலர். அடுப்படிக்கு அந்தக் குளிர் இல்லை. திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து, ஓரிரு வாரங்களில் தீரும் அளவே வாங்குங்கள். ஊற்றுவதற்குச் சிறு பாட்டிலில் பிரித்து வைத்தால், பெரிய கேனில் காற்று படாது.