வவுனியா நகரப் பழைய பள்ளி மண்டபம்: வயதும் உதிரும் சுவரும்

குளக்கட்டு:
எங்கள் பாடசாலையின் பழைய மண்டபத்தை இடிப்பதா, திருத்துவதா என்று பழைய மாணவர் சங்கத்தில் இழுபறி. ஒன்றரை அடிச் செங்கல் சுவர், பனஞ்சலாகை, கள்ளிக்கோட்டை ஓடு. வெளிச்சுவருக்குப் பிற்காலத்தில் சீமெந்து பூசியிருக்கிறார்கள். இப்போது கீழே மூன்றடிக்கு உப்புப் பூத்து, பூச்சு செங்கல்லையும் உரித்துக்கொண்டு விழுகிறது. ஆண்டுக்கல் இல்லை. வயதை எப்படிக் கணிப்பது? சுவரை என்ன செய்வது?

ஓட்டுக்கூரை:
ஓட்டைக் கழற்றி முத்திரையைப் பாருங்கள். பேசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது 1865 இல். முதலாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலைகள் கொமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பனியின் கைக்கு மாறின. எந்தப் பெயர் கூடுதலாக இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே ஓட்டை நம்ப வேண்டாம், ஒரு கூரையின் ஓட்டைக் கழற்றி இன்னொரு கூரையில் போடுவது உண்டு. வாசலுக்கு மேல் இரும்பு உத்திரம் இருந்தால் அதன் முத்திரைதான் பலமான சாட்சி, சுவரை உடைக்காமல் அதை மாற்ற முடியாது. 1960-61 இல் அரசு பொறுப்பேற்ற மிஷன் பள்ளியானால், பழைய கணக்குகளை மிஷனிடமும் கேளுங்கள். பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் திருத்த வேலைகள் பதிவாகியிருக்கலாம்.

கோப்பு:
1815 மார்ச் 2 க்கு முந்திய கட்டடத்தைத்தான் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தானாகக் காக்கும். பிந்தியதை வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். பழசு என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

சாந்துக்கரண்டி:
வினை சீமெந்துதான். நிலத்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், சீமெந்து அடைக்கும். அடைபட்ட ஈரம் காயும்போது உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி, செங்கல் முகத்தை வெடிக்கவைக்கும்.

முதலில் தண்ணீரைத் திருப்புங்கள். கூரைத் தண்ணீர்ப் பீலியின் ஒழுக்கு, சுவரோரம் ஏறிய மண், சுவரை ஒட்டிய சீமெந்துத் தரை, மூன்றையும் தீர்க்காமல் பூசினால் காசு வீண். வெளி நிலம் உட்தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ இருக்கட்டும். மாரி முடிந்து, மாசியளவில் சீமெந்தை உளியால் கொத்துங்கள், ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை. இயந்திரம் வேண்டாம், செங்கல் அதிரும். சில மாதம் காயவிட்டு, பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும்.

பிறகு தண்ணீரில் நீற்றிப் பழுக்கவிட்ட சுண்ணாம்பு 1, கழுவிய மணல் 3. ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீற்றர்தான், தடிப்பாய் அப்பினால் வெடிக்கும். சோழகக் காற்றில் (தென்மேற்குக் காற்று) பூச்சு முறுகிப் பிளக்கும், ஆகவே ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கள். "உறுதிக்கு ஒரு கை சீமெந்து" என்று மேசன் சேர்க்கப் பார்ப்பார், விடாதீர்கள்.

குளக்கட்டு:
நன்றி அண்ணை. உள்ளே எமல்சன் அடித்திருக்கு, அதையும் சுரண்டவேண்டுமா?

சாந்துக்கரண்டி:
ஈரம் ஏறிய உயரம்வரை கட்டாயம், அதற்கு மேல் இறுக்கமாக இருந்தால் விடலாம். வெள்ளைச் சுண்ணாம்புதான் அடிக்கவேண்டும். புதுப் பூச்சில் மறுபடி உப்புப் பூத்தால் பயப்படாதீர்கள், சுவர் உப்பைக் கக்குகிறது. அந்தப் பூச்சைக் கொத்தி மறுபடி பூசுவது செங்கலை மாற்றுவதைவிட மலிவு.